கத்திக்கு யார் பேர்?

அமெரிக்காவிலே 'போவி கத்தி' என்றால் பெரிய பேர். 9, 10 அங்குல அலகு. முனையோரம் முதுகைச் சரித்து வெட்டிக் கூராக்கிய வடிவம். 1827 செப்டம்பர் 19-ந் தேதி மிசிசிப்பி நதியின் மணல் திட்டில் நடந்த சண்டையில் ஜிம் போவி என்பவன் ஒரு பெரிய கத்தியால் எதிரியைக் குத்திக் கொன்றான். அதிலிருந்து கத்திக்கு அவன் பேரே நிலைத்துவிட்டது. இந்தப் போவி யார்? ஆப்பிரிக்க அடிமைகளைக் கடத்தி விற்றுப் பணம் சேர்த்தவன்!

கத்தியை அடித்தது யார்? ஜெஸ்ஸி கிளிப்ட் என்ற கொல்லர் என்பார் சிலர். ஆர்க்கன்சாஸ் கொல்லர் ஜேம்ஸ் பிளாக் என்பார் சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. குத்தியவன் பேர் நின்றது. அடித்தவர் பேர் சந்தேகத்தில் கிடக்கிறது.

பிறகு இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து முதலாளிகள் இந்தக் கத்தியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து லாபம் குவித்தார்கள். அலகிலே கம்பெனியின் பேர். அந்த நகரத்துச் சாணைத் தொழிலாளிகளுக்கோ கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலிலே. தண்ணீர் விடாமல் சாணை பிடித்தவர்களுக்குச் சராசரி ஆயுள் சுமார் 35 வருஷம், தண்ணீர் விட்டுப் பிடித்தவர்கள் 45-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று 1845-ல் எங்கெல்ஸ் எழுதினார். பஞ்சுத் தூசியில் இருமும் மில் தோழருக்கு இதை விளக்க வேண்டுமா?

இன்று அமெரிக்காவில் இதே கத்தியை உலையில் கையால் அடித்துத் தரும் கொல்லர்கள் இருக்கிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, விளிம்பை மெலிக்கிறார்கள். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் ஏற்றி எண்ணெயில் துவைச்சல் கொடுக்கிறார்கள். அந்த நிலையில் அலகு கண்ணாடி மாதிரி உடையும். ஆகவே சுமார் 200 டிகிரியில் மறுபடி வாட்டி, வைக்கோல் நிறம் கண்டு நிறுத்துகிறார்கள்.

1976-ல் ஏற்பட்ட அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் வைக்கும் பரீட்சையைக் கேளுங்கள். தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே விளிம்பு கை ரோமத்தைச் சிரைக்க வேண்டும். கடைசியில் அலகைப் பிடியில் இறுக்கி 90 டிகிரி வளைத்தாலும் ஒடியக் கூடாது. தீர்ப்புச் சொல்வது முதலாளியல்ல, தேர்ந்த கொல்லர்! தேறியவர் தம் பேரையே அலகில் பொறிக்கிறார்.

"பணக்காரன் கண்ணாடி அலமாரிக்குப் போகும் சரக்குத்தானே?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் அறுக்கும் அரிவாளை அடித்த ஆசாரியை உங்களுக்குத் தெரியும். மழுங்கினால் அவரிடமே போவீர்கள். நீங்கள் நெய்யும் துணியிலோ மில்லின் பேர் மட்டுமே இருக்கிறது.

வேலையின் தரத்தை வேலை தெரிந்தவர் நிறுக்க வேண்டும். செய்த கைக்கே பேரும் கூலியும் சேர வேண்டும். குத்தியவன் பேரைச் சுமந்தது போதும்!