கோப்பை நம்பிப் பிரதியை விடலாமா?

மின்னூல் வந்தபின் அச்சுநூல் நிலைக்குமா என்று பதிப்பாளர் கூட்டங்களில் ஓயாமல் கேட்கிறோம். நம் அலுவலகத்துப் பழைய கணினியை ஒருமுறை திறந்து பார்த்தால், முதலில் கவலைப்பட வேண்டியது கோப்பைப் பற்றித்தான் என்பது விளங்கும்.

பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. பிறகு அந்த மென்பொருள் கைவிடப்பட்டது. டாம், டாப், பாமினி என ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தில் அதில் கோத்த நூல்கள் ஏராளம். எழுத்துரு தொலைந்திருந்தால் திரையில் வருவது வெறும் குறிகள். யூனிகோடுக்கு மாற்றினாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. இன்னொன்றும் உண்டு: டிரேசிங் தாளில் வெட்டி ஒட்டிய கடைசித் திருத்தங்கள் பல, கோப்பில் ஏறவே இல்லை. நூலாசிரியர் ஒப்புக்கொண்ட இறுதிப் பாடம் அச்சான பிரதியில் மட்டுமே இருக்கிறது. 1812-இல் அச்சேறிய திருக்குறளை இன்றும் புரட்டிப் படிக்க முடிகிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய நம் கோப்பு திறக்க மறுக்கிறது.

ஒருகாலத்தில் 1,200 பிரதி அடித்த நூலை இன்று தேவைக்கேற்ப 100, 200 என்று அச்சிடுகிறோம். இதைத் தேய்வென்று நான் கருதவில்லை. மெல்ல விற்கும் நல்ல நூல்கள் இருப்பில் தொடர இதுவே வழி. ஆனால், ஐந்தாறு முறை பிரித்ததும் முதுகு வெடித்துத் தாள் தாளாக உதிரும் புத்தகத்தை வாசகர் ஏன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? ஒருமுறை படித்துவிட்டுப் போகத் திரை போதும். அச்சுநூலை வாங்குபவர் வைத்திருக்கவே வாங்குகிறார். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடட்டும். நெடுநாள் புழங்கும் அகராதிக்கும் செம்பதிப்புக்கும் நூல் தையல் போடுங்கள். அச்சுக்குப் போன இறுதிப் பாடத்தை யூனிகோடில் தனியே சேமியுங்கள். மறுபதிப்பு என்றால் கோப்பை முதற்பதிப்போடு வரிவரியாக ஒப்பிட்டு மெய்ப்புப் பாருங்கள்.

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் நம் செலவிலேயே பிரதி அனுப்பியாக வேண்டும். இதைத் தபால் செலவு என்று பலர் தட்டிக்கழிக்கிறோம். 100 பிரதியே அச்சாகும் காலத்தில், நூலகத்துக்குப் போகும் அந்தப் பிரதிதான் நூலின் ஆயுள். இந்த ஆண்டு வெளியிட்ட நூல்களின் பட்டியலை எடுங்கள். விடுபட்டவற்றை இந்த மாதமே அனுப்புங்கள்.