யாருடைய எண்கள் இவை?



"எண்களை உலகுக்குக் கொடுத்ததே அரபுகள்தான்" என்று நம் இளைஞர்கள் சிலர் மேடையில் முழங்குகிறார்கள். "அரபுகள் வெறும் சுமைகூலிகள், சரக்கு முழுவதும் எங்களுடையது" என்று நம்மைக் கண்டால் ஆகாதவர்கள் ஏளனம் பேசுகிறார்கள். இரண்டுமே பொய்க் கணக்கு!

கீரனூர் கடைவீதி வியாபாரிகளே! பில்லின் தலையில் 786 என்று போடுகிறீர்களே, அந்த மூன்று இலக்கங்களின் வேர் எங்கே? இந்திய மண்ணில்! பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போடும் விதிகளைப் பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் எழுதிவிட்டார். சுமார் 825-ல் பாக்தாதின் அல் குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறை பற்றி நூல் எழுதினார். யாரிடம் பெற்றோம் என்பதை அவர் மறைக்கவில்லை. அரபுகள் இன்றும் தம் இலக்கங்களை 'ஹிந்தி எண்கள்' என்றே அழைக்கிறார்கள்.

அப்படியானால் அரபுகள் சுமைகூலிகளா? 952-ல் திமிஷ்கில் அல் உக்லீதிஸி, தசம பின்னத்தைத் தம் நூலில் கையாண்டார். இது சுமை தூக்கியவன் செய்த வேலையா?

பிறகு ஏன் 'அரபு எண்கள்' என்ற பெயர்? வட ஆப்பிரிக்காவில் இம்முறையைக் கற்ற இத்தாலியரான ஃபிபனாச்சி 1202-ல் நூல் எழுதினார். அவரும் இவற்றை இந்தியரின் இலக்கங்கள் என்றே குறித்தார். ஆனால் ஐரோப்பாவுக்குச் சரக்கு வந்தது அரபுகளின் கையிலிருந்து. வாங்கியவன் விற்றவன் பெயரை வைத்துவிட்டான். சந்தையில் இது புதிதா?

'சைபர்' என்கிறோமே, அதையே பாருங்கள். சூன்யம் என்பதை அரபுகள் 'ஸிஃப்ர்' என்றார்கள். அது ஐரோப்பா சுற்றி, ஆங்கிலம் வழியாக நம் கல்லாப்பெட்டிக்கே திரும்பிவிட்டது!

நம் அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு, 1 2 3 என்பதை 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்கிறது. தேவநாகரி எண்களே வேண்டும் என்று 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இந்தி ஆதரவாளர்கள் அடம்பிடித்தார்கள். தென்னாட்டு உறுப்பினர்கள் எதிர்த்து நின்றதால் கிடைத்த வாசகம் இது. 2016-ல் வந்த 2000 ரூபாய் நோட்டில் தேவநாகரி எண் இருப்பதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டவர்களும் இந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள்.

இளைஞர்களே! எடைக்கல்லில் மோசடி செய்வது ஹராம் என்றால், வரலாற்றை நிறுக்கும்போது மட்டும் ஹலாலா? பிறர் சரக்கை நம்முடையது என்று கூவாதீர்கள். நம் முன்னோர் உழைப்பைப் பிறர் அழிக்கவும் விடாதீர்கள். 'இந்திய-அரபு எண்கள்' என்று சொல்லுங்கள். அதுதான் நேர்மையான பில்!