எஞ்சிய காலை யார் பார்ப்பது?

கடந்த மாதம் அம்மாவின் சலரோகக் கிளினிக்கிற்குத் துணையாகப் போனேன். வன்னியிலுள்ள ஓர் அரச வைத்தியசாலை. காலை ஆறு மணிக்கே இலக்கம் எடுக்க வரிசை நின்றது. எமக்கு முன்னால் இருந்தவர் 2009 இல் ஷெல் வீச்சில் இடது காலை இழந்தவர். வலது காலின் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் இருந்தது. கேட்டேன். “நோகேல்லைத் தம்பி, செருப்பு உராய்ஞ்சதாக்கும்” என்றார்.

உள்ளே ஒரே அறையில் இரண்டு மேசைகள். வைத்தியர் அவருடைய கொப்பியையும் சீனி அளவையும் பார்த்து, ஒரு மாதத்திற்குக் குளிசை எழுதினார். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, அவரும் காட்டவில்லை. நான் தாதியிடம் சொன்ன பிறகுதான் மருந்து கட்டும் அறைக்கு அனுப்பினார்கள். வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே இருந்த வரிசை அப்படி.

அந்தப் புண் நோகாததுதான் ஆபத்து. சலரோகம் பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்லப் பழுதாக்கும்போது வலி தெரியாமற் போகிறது. விழித்திரையும் சிறுநீரகமும் அப்படித்தான், நிலைமை முற்றும்வரை சத்தமில்லை. ஆகவேதான் குளிசைக்கு அப்பால் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண், பாதம், சிறுநீர் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். எங்களுடைய ஆட்கள் கிளினிக் என்றால் குளிசை எடுக்கும் இடம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கிளினிக்குகளும் பெரும்பாலும் அப்படியே நடக்கின்றன.

கால் இழந்தவருக்கு இது இரட்டிப்புச் சிக்கல். பாதப் புண் ஆற, அந்தக் காலில் பாரம் விழக்கூடாது. இருப்பதே ஒரு கால் என்றால் அவர் எப்படி நடப்பது? செயற்கைக் கால் உராயும் இடத்திலும் உணர்வு குறைந்திருந்தால் அங்கு வரும் காயமும் தெரியாது.

எம்மிடையே இப்படி எத்தனை பேர்? 2008 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்குச் சலரோகம் இருப்பதாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் அதை அறியாதிருந்ததாகவும் கூறியது. அது ஏழு மாகாணங்களின் கணக்கு. யுத்தம் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் இல்லை.

கண்ணுக்கு ஒரு நாள், இரத்தத்திற்கு இன்னொரு நாள், குளிசைக்கு வேறொரு நாள். கூலி வேலை செய்பவருக்கு அது மூன்று நாள் சம்பளம். அவர் எதை விடுவார் என்பது தெரிந்ததே. பாதத்தின் உணர்வைச் சோதிக்க இயந்திரம் தேவையில்லை; ஒரு நைலோன் இழையும் சில நிமிடங்களும் போதும். ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை வாங்கில் குந்தியிருப்பவர்களின் பாதங்களை, பயிற்சி பெற்ற ஒரு தாதி அங்கேயே பார்த்துவிடலாம். அதற்கு ஆளணி வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் எமது மாகாண சுகாதார அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும். கட்டடத் திறப்பு விழாக்களில் அவர்களைத் தவறாமல் காண்கிறோம்.

அம்மாவின் கொப்பியைப் புரட்டினேன். கண் பரிசோதித்ததாக நான்கு வருடமாக ஒரு குறிப்பும் இல்லை. கேட்டு ஒரு திகதி வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம், வேறு வைத்தியசாலை, இரண்டு பஸ் மாற வேண்டும்.