வாங்காத கடனுக்கு மிரட்டல் வசூலா?

வாங்காத கடனைக் கட்டச் சொல்லி மிரட்டுவது வசூல் அல்ல, வழிப்பறி. 2022 பிப்ரவரியில், ‘தானி’ செயலியில் தங்கள் பான் எண்ணைக் கொண்டு யாரோ கடன் பெற்றுவிட்டதாகப் பலர் புகார் எழுப்பினர். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர். அவரது புகார் விரைவில் தீர்க்கப்பட்டது. மும்பை கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும், சிம் அட்டைக்கும் வாடகை அறைக்கும் ஆதார், பான் நகல்களைக் கொடுக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

கடன் கொடுத்ததாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தின் நகலையும், பணம் எந்தக் கணக்கில் செலுத்தப்பட்டது என்பதையும் எழுத்துமூலம் கேட்க வேண்டும். தொல்லை ஒழியட்டும் என்று ஒரு தவணை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டதாகவே வாதிடுவார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவு. நிறுவனம் 30 நாட்களில் தீர்வு தராவிட்டால், அவ்வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆள்மாறாட்டம் குறித்துக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்க வேண்டும்.

விதிகள் உண்டு, ஆனால் தனித்து நிற்பவர் அஞ்சுகிறார். ஆளைச் சரிபார்க்காமல் கடன் கொடுக்கும் நிதி மூலதனம் அந்த அச்சத்தைத்தான் காசாக்குகிறது. புகார் எழுதித் தரவும், உடன் செல்லவும் கிளைத் தோழர்கள் முன்வந்தால் அச்சம் அகலும், மிரட்டல் ஓயும்.