பூசணத்துக்குப் புது மருந்து யார் கண்டுபிடிப்பது?

மாரடைப்பு, சர்க்கரை, புற்றுநோய் என்றால் நம் வீடுகளில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். படர்தாமரை என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தால் தீர்ந்தது என்று நினைப்பு. அது தீராத காலம் வந்துவிட்டது. நான் டாக்டர் அல்ல, தண்டவாளம் போட்டவன். ஆனால் பூசணத்தோடு எனக்கு உத்தியோக முறையில் பழக்கம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சுமார் பத்து வருஷங்களாகவே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கவலையோடு ஒரு விஷயத்தைச் சொல்லி வருகிறார்கள். முன்பெல்லாம் சில வாரங்களில் அடங்கிய படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. போனாலும் திரும்பி வருகிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்றுகிறது. இதற்குக் கைகண்ட மருந்தாக இருந்தது டெர்பினாஃபின். அது பலரிடம் பலிக்கவில்லை. 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், இந்தியரிடமும் நேபாளியரிடமும் கிடைத்த, இந்த மருந்துக்கு அடங்காத பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயர் அதில் இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் செய்யாதவர். ஆக, அது எப்போதோ டிக்கெட் வாங்கிக் கப்பலேறிவிட்டது.

இதற்கு ஒரு முக்கியக் காரணமாக மருத்துவர்கள் சந்தேகிப்பது அந்தக் கடைக் களிம்பைத்தான். ஒரே குழாயில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அதோடு குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடும். ஆசாமி குணமாகிவிட்டதென்று களிம்பை நிறுத்துவார். பூஞ்சையோ தோலின் எதிர்ப்பு மங்கிய இடத்தில் சுகமாகக் குடித்தனம் நடத்தும். 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. எங்கள் காலனிக் கடையில் சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை.

'சரி, புது மருந்து கண்டுபிடித்தால் போகிறது' என்பார்கள். அங்கேதான் சங்கடம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல பாதைகளில் மரக்கட்டைகள்தான் தண்டவாளத்தைத் தாங்கின. மழைக்காலம் முடிந்ததும் கேங்மேன்களோடு நடந்து போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். நல்ல கட்டை 'ணங்' என்னும். உள்ளே பூசணம் தின்ற கட்டை 'பொத்' என்னும். இதைத் தடுக்கத்தான் பஞ்சாபில் தில்வான் என்ற ஊரில் மலைமரக் கட்டைகளைக் கிரியோசோட் எண்ணெயில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து அனுப்பினார்கள். கட்டைக்கு உயிரில்லை. எவ்வளவு விஷம் ஏற்றினாலும் ஏனென்று கேட்காது. மனித உடம்பில் அது முடியுமா?

பாக்டீரியாவின் உடலமைப்பு நம்முடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்துகள் பல கிடைத்தன. பூஞ்சை அப்படியல்ல. உயிரினங்களின் வம்சாவளியில் அது செடி கொடிகளைவிட நமக்கே நெருங்கிய பங்காளி. அதன் செல்லில் நடக்கும் வேலைகள் பெரும்பாலும் நம் செல்லிலும் நடப்பவை. நம் செல்லின் மேலுறையில் கொலஸ்டெரால், அதனுடையதில் எர்கோஸ்டெரால். நமக்கு இல்லாத ஒரு வெளிச்சுவர் அதற்கு உண்டு. இப்படி விரல்விட்டு எண்ணும் வித்தியாசங்களை வைத்துத்தான் வைத்தியம். உள்ளுறுப்புகளைத் தாக்கும் பூஞ்சைக்குப் பெரும்பாலும் மூன்று மருந்துக் குடும்பங்களே கதி. அவற்றில் மூத்ததான ஆம்ஃபோடெரிசின் 1950-களில் வந்தது. உயிரைக் காக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 2021-இல் கொரோனாவின் இரண்டாவது அலைக்குப் பின் கருப்புப் பூஞ்சை வந்து, சில மாதங்களில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தபோது, இந்த மருந்தின் லிப்போசோமல் ஊசிக்காகத் தில்லியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த குடும்பங்களை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது.

ஆஸ்பத்திரிகளில் இன்னொரு எதிரியும் உண்டு. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை 2009-இல் டோக்கியோவில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே நம் தில்லி ஆஸ்பத்திரிகளில் அது ரத்தத்தில் பரவியிருப்பதை வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிட்யூட்டின் டாக்டர் அனுராதா சௌத்ரி குழுவினர் வெளியிட்டார்கள். 2021-இல் அதே குழு, அந்தமான் கடற்கரை மணலிலும் உப்புச் சதுப்பிலும் அது இருப்பதைக் காட்டியது. படுக்கையிலும் கட்டில் கம்பியிலும் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்; சில வகைகள் மூன்று குடும்ப மருந்துக்கும் அசையாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியல் போட்டது. 2025-இல் வந்த அதன் அறிக்கையின்படி, முந்தைய பத்தாண்டுகளில் அங்கீகாரம் பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு. மனிதர்களிடம் சோதனையில் இருந்தவை ஒன்பது. ஏன் இவ்வளவு குறைவு? இரத்த அழுத்த மாத்திரையை வாங்குகிறவர் ஆயுள் முழுவதும் வாங்குவார். இது சில வாரக் கணக்கு. அதுவும் நல்ல புது மருந்தென்றால் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கச் சொல்வார்கள். எந்த முதலாளி பணம் போடுவார்?

ஆகவே இது அரசாங்கம் கையில் எடுக்க வேண்டிய வேலை என்பது என் அபிப்பிராயம். முன்மாதிரி இல்லாமல் சொல்லவில்லை. 1950-இல் நிஸ்டாட்டின் மருந்தைக் கண்டுபிடித்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்மணிகளும் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் சம்பளக்காரர்கள். ஒரு பண்ணையின் மண்ணிலிருந்து அதை எடுத்தார்கள். வந்த ராயல்டி முழுவதையும் ஆராய்ச்சிக்கே கொடுத்தார்கள். நம் நாட்டிலும் நடந்தது. புனே அருகே பிம்ப்ரியில் அரசின் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் டாக்டர் எம்.ஜே. திருமலாச்சார் குழுவினர், அந்த ஊர் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் ஹேமைசின் என்ற பூஞ்சை மருந்தை உருவாக்கினார்கள். நுண்ணுயிரிக்கு ஊரின் பெயர், மருந்துக்கு நிறுவனத்தின் பெயர். அப்போதிருந்த கருவிகளோடு அது முடிந்ததென்றால் இப்போது ஏன் முடியாது? 2025-இல் சீனர்கள் மண்டிமைசின் என்ற புது வகைப் பொருளை, அதே மாதிரி மண் நுண்ணுயிரிகளின் மரபணுக்களைத் துருவித்தான் எடுத்திருக்கிறார்கள். நம்மிடம் மண்ணுக்கா பஞ்சம்?

மருந்து கிடைத்தாலும் காப்பாற்ற வேண்டுமே. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுக்கும் அசோல் வகையின் சகோதரர்களைத்தான் நெல்லுக்கும் கோதுமைக்கும் தெளிக்கிறோம். வயலில் பழகிய அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மூச்சோடு நுரையீரலுக்குள் வரும்போது மருந்தை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. இதைவிட வேடிக்கை ஒன்று. ஒலோரோஃபிம் என்ற புத்தம் புதிய மருந்து, 2023-இல் அமெரிக்க அதிகாரிகள் கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்ப, வாசலில் நின்றது. அது குறிவைக்கும் அதே இடத்தைக் குறிவைக்கும் இப்ஃப்ளூஃபெனோகுவின் என்ற பயிர் மருந்தோ 2022-இலேயே அங்கே அனுமதி பெற்றுவிட்டது. இதில் பழகிய பூஞ்சை அதற்கும் அடங்குவதில்லை என்று சோதனைச் சாலையில் காட்டியிருக்கிறார்கள்.

ரயில்வேயில் அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுக்காமல் வண்டியை விடமாட்டார்கள். இங்கே மனித மருந்தை அனுமதிப்பது சுகாதார அமைச்சகத்தின் ஆட்கள், பயிர் மருந்தைப் பதிவு செய்வது விவசாய அமைச்சகத்தின் ஆட்கள். புதிதாக ஒரு பூஞ்சைக்கொல்லி வயலுக்குப் போகுமுன், இதே இடத்தைக் குறிவைக்கும் மனித மருந்து வரிசையில் நிற்கிறதா என்று ஒரு கடிதமாவது போட்டுக் கேட்க வேண்டும். இல்லை என்று எழுத்தில் பதில் வந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். முன்னவர் அலுவலகம் ஐ.டி.ஓ. பக்கம், பின்னவருடையது ஃபரீதாபாத். திலக் பிரிட்ஜிலிருந்து லோக்கல் வண்டி பிடித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.