மண்ணுக்குள் இருக்கும் அடையாளம்

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில், செம்பனைத் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் வெள்ளைக் குடைகள் முளைத்து நிற்கும். அவற்றைத் தேடிக் கூடையோடு கிளம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். கறையான் புற்றில் முளைக்கும் காளானின் சுவைக்கு ஈடில்லை என்பது அவர்கள் கருத்து. அதை மறுப்பதற்கில்லை. மலாய்மொழியில் ‘செண்டாவான் பூசுட்’ எனப்படுவது இதுதான்.

இப்போது கூடையோடு கைப்பேசியும் போகிறது. படம் எடுத்தால் செயலி காளானின் பெயரைச் சொல்லிவிடுகிறது. புலனக் குழுவில் படத்தைப் போட்டு, “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்போரும் உண்டு. உடனே பதில்கள் குவியும். இந்தப் பழக்கம் ஆபத்தானது. காளானின் முக்கியமான அடையாளங்கள் பல, மேலிருந்து எடுத்த படத்தில் விழுவதே இல்லை.

புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கீழே உள்ள கறையான் கூட்டைத் தொடும். புல்வெளிகளில் முளைக்கும் இன்னொரு பெரிய வெள்ளைக் காளானும் பார்வைக்கு ஏறக்குறைய அதுபோலவே இருக்கும். ஆனால், அதன் தண்டுக்கு அந்த வேர் கிடையாது. குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் இளமையில் வெள்ளையாக இருந்து, முதிர்ந்ததும் பச்சை நிறம் கலந்ததாக மாறும். அதைத் தின்றவர் சில மணி நேரத்தில் கடும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துவண்டுபோவார். மண்ணைக் கிளறி முழுமையாக எடுத்துப் பார்க்காதவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? இளம் காளானைப் படம் பிடித்தால் பச்சை நிறமும் கண்ணில் படாது.

செயலியை நம்பாவிட்டாலும் பெரியவர்களின் அனுபவத்தை நம்பலாமே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பிறகு, எந்தக் காளான் வரும் என்று பல ஆண்டுகளாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட அறிவு அவர்களுடையது. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால், அந்த அறிவு அவர்கள் வாழ்ந்த மண்ணுக்கு உரியது. வேறு மண்ணில் அதே கண் ஏமாந்துபோகும்.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் நடந்தது இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் காட்டுக்காளான் சமைத்து உண்டவர்களுள் இருவர், சில நாள்களில் உயிரிழந்தனர். அவர்கள் உண்டது ‘டெத் கேப்’ என்னும் நச்சுக்காளான். ஐரோப்பாவைச் சேர்ந்த இக்காளான் ஓக் மரத்தின் வேர்களோடு ஒட்டி வாழ்வது. மரங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டபோது இதுவும் உடன் சென்றது. ஆசிய நாடுகளில் விரும்பி உண்ணப்படும் வைக்கோல் காளானும் இதுவும், மொட்டாக இருக்கும்போது முட்டை போலவே தோன்றும். இரண்டுக்கும் தண்டின் அடியில் பை போன்ற உறை உண்டு. விரிந்த பிறகுதான் வேற்றுமை தெளிவாகும். வைக்கோல் காளானின் மடிப்புகள் இளஞ்சிவப்பாகும். தண்டில் வளையம் இராது. நச்சுக்காளானின் மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும்; தண்டில் வளையம் இருக்கும். ஊரில் வைக்கோல் காளானைத் தின்று வளர்ந்தவர் அந்த வெள்ளை மொட்டைக் கண்டதும் மகிழத்தானே செய்வார்!

இந்த நஞ்சு சமைத்தாலும் அழியாது, நாக்குக்கும் தெரியாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே வாந்தி தொடங்கும். பின்னர் நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றுவார். வீட்டார் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்னும் நம்பிக்கைகளை இனியாவது கைவிட வேண்டும். இந்த நஞ்சுக்கு வெள்ளி கறுப்பதில்லை. நத்தை தின்று பிழைக்கும் காளான் மனிதனைக் கொல்லக்கூடும். காளானை நேரில் கண்டு, அடிவரை தோண்டிப் பார்த்து, அந்த வட்டாரத்தை நன்கு அறிந்த ஒருவர் உறுதி சொல்லாதவரை அது சட்டிக்குள் போகக்கூடாது. சந்தையில் வளர்ப்புக் காளான் மலிவாகவே கிடைக்கிறது.

தவறி உண்டுவிட்டால், உடல் தேறியதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மிச்சக் காளானையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. சமைத்தது தீர்ந்துபோயிருந்தால், குப்பைக்கூடையில் வெட்டி எறிந்த தண்டின் அடித்துண்டு கிடைத்தாலும் போதும். எந்தக் காளான் என்று கண்டறிய அதுவே உதவக்கூடும்.