போன் இல்லாதவருக்கும் ஆசனம் வேண்டும்

சென்ற மாதம் எமது சங்கக் காரியாலயத்துக்கு, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வந்தார். கணவரைக் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். காலில் கட்டுடன் இருப்பவரை ரயிலில் நிற்க வைத்துக் கொண்டுபோக முடியாது. ஸ்டேஷனில் கேட்டபோது, ஆசனங்கள் எல்லாம் ஒன்லைனில் முடிந்துவிட்டன என்றார்களாம். "அந்த ஒன்லைன் எங்க தம்பி இருக்கு? அங்கேயே போய்க் கேக்குறேன்" என்றார். இது சிரிப்பதற்கான கேள்வி அல்ல.

மலையக ரயில் பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கவே வெள்ளைக்காரன் அதைப் போட்டான். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே ரயிலில் மணிக்கணக்கில் நின்றுகொண்டு போகிறார்கள். எல்ல ரயில் டிக்கெட்டுகள் நொடிகளில் விற்றுத் தீர்ந்து, வெளிநாட்டவருக்குக் கூடுதல் விலைக்குப் போனது பற்றி 2025இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே விசாரித்தது.

ரயில் மட்டுமல்ல. 2022இல் பெட்ரோலுக்கு கியூ.ஆர். வந்தது. 2024 இறுதியில் கடவுச்சீட்டுக்கு நாள் எடுப்பதும் ஒன்லைன் ஆனது.

நாங்கள் ஒன்லைனுக்கு எதிரிகள் அல்ல. டவுனில் வரிசையில் நின்றால் ஒரு பேர் போய்விடும். லயத்திலிருந்தே காரியம் முடிந்தால் நல்லதுதான். ஆனால் பல லயங்களில் சிக்னல் இல்லை. வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட் போன், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. கடைசியில் கொமினிகேஷனுக்குப் போய்க் காசு கொடுத்து, அடையாள அட்டையையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கிறோம்.

எமது கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு ரயிலிலும் நோயாளருக்கும் முதியோருக்கும் சில ஆசனங்களைக் கவுண்டரில் மட்டுமே கொடுக்க வேண்டும். தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. ஆகவே பிரதேச செயலகங்களில் தமிழில் விண்ணப்பம் நிரப்பி, அச்சிட்ட பற்றுச்சீட்டுத் தரும் மேசை வேண்டும். போன் இலக்கம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது.

அதுவரை நாம் கைகட்டி இருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் படித்த பிள்ளைகள் இருவரைத் தெரிவுசெய்து, வாரத்தில் ஒரு மாலை கொழுந்து மடுவத்திலோ வாசிகசாலையிலோ உட்கார வைக்கட்டும். உரியவரின் முன்னாலேயே நிரப்ப வேண்டும், பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை யாரும் கேட்கக்கூடாது, யாருக்கும் சொல்லவும் கூடாது.

அந்த அம்மாவுக்கு எமது தம்பி ஒருவர் இரண்டு ஆசனம் எடுத்துக் கொடுத்தார். ஆனால் பத்து நாள் தள்ளித்தான் கிடைத்தது. டிக்கெட்டுக்காகக் கிளினிக் நாளை மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த நோயாளிக்கு இந்த நிலை வரக்கூடாது.